கொரியத் தீவில் செல்லம் மாமியின் குரல்

கிளைவ் ஒரு பொய்யர். அவர் எடுத்த கொரியத் தீவுப் படத்தில் காற்றைத் தவிர ஒரு சத்தமும் அந்தத் தீவில் பிடித்தது இல்லை. மிச்சம் முழுவதும் லண்டன் பிளேஸ்டோவில், என் வீட்டில் செய்தது. செய்தவன் நான்.

அவருடைய முழுப் பெயரை எழுத வேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். ஆள் யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது போதும்.

சினிமா, தொலைக்காட்சி என்று இந்தத் தொழிலுக்கு வர ஆசைப்படும் எங்கள் பிள்ளைகள் இப்போது லண்டனில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கிளைவ் பேசியது ஆங்கிலம். அதை எங்கள் வீட்டுப் பேச்சிலேயே தருகிறேன். அவருக்காக மினுக்கி எழுத எனக்கு நேரம் இல்லை.

1. டேப் முழுக்கக் காற்று

எண்பதுகளின் கடைசியில் நான் சோஹோவில் ஒரு ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் வேலை செய்தேன். ஊரில் ரேடியோ திருத்தினவன் என்பதால் டிரான்ஸ்பர் அறையில் போட்டார்கள். வெளியே பதிவு செய்து வரும் டேப்பை, படச்சுருளோடு சேர்த்து ஓட்டக்கூடிய டேப்புக்குப் பிரதி எடுப்பதுதான் டிரான்ஸ்பர். அதோடு பெட்டி தூக்க வேண்டும், தேநீர் போட வேண்டும்.

படத்துக்குச் சத்தம் செய்யும் வேலை எனக்குத் தரமாட்டார்கள். அதற்கு யூனியன் கார்ட் வேண்டும். கார்ட் கேட்டுப் போனால், ஒளிபரப்பான படம் ஒன்றின் கடைசியில் உன் பெயர் வந்திருக்கிறதா என்று கேட்டார்கள். பெயர் வர வேலை செய்திருக்க வேண்டும். வேலை செய்யக் கார்ட் வேண்டும். இந்த ஒழுங்கைக் கண்டுபிடித்தவனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் கிளைவ் ஸ்டூடியோவுக்கு வந்தார். கொரியாவின் தெற்குக் கடலில், பெரிய தீவுகளெல்லாம் முடிந்த பிறகு தனியாகக் கிடக்கும் ஒரு சின்னத் தீவு. அங்கே போய்த் தங்கிப் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கமெராவுக்கு ஒரு ஆள் வைத்திருந்தார். சத்தம் பிடிக்கத் தனி ஆள் வேண்டாம், தானே பிடிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். மைக்குக்கு மேலே காற்றைத் தடுக்க ஒரு மயிர் உறை போடுவோம். அந்த உறையை அவர் கரையில் இருந்த விடுதிக் கட்டிலில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியிருக்கிறார்.

அந்தத் தீவோ, கூரை பறந்துவிடும் என்று வீடுகளின் மேலே குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டு, கயிற்று நுனிகளில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் தீவு. அங்கே உறை இல்லாத மைக்கைப் பிடித்தால் என்ன கிடைக்கும்? டேப் முழுக்கக் காற்று. இடையில் இரண்டு தரம் கிளைவின் தும்மல். அவ்வளவுதான்.

நான் அந்த டேப்பைப் போட்டுக் காட்டியபோது அவர் முகம் பாண் சுடும் மாவின் நிறத்துக்குப் போனது.

"தர்மா, இதுக்குள்ளை ஒண்டுமே இல்லையோ?"

"காத்து இருக்கு. நல்ல தெளிவான காத்து."

"பகிடி விடாதை. நான் இதை ஒரு மாதத்துக்குள்ளை குடுக்கோணும். சத்தம் செய்யிற ஆக்களைப் பிடிக்க என்னட்டை வழியில்லை."

நான் அப்போது கேட்ட கேள்விக்கு இன்றுவரை வெட்கப்படவில்லை.

"நான் செய்து தந்தால் என்ரை பேரைப் போடுவியளோ?"

"போடுறன். கட்டாயம் போடுறன். தனியாப் போடுறன்."

"முழுப் பேரா?"

அவர் என் முழுப் பெயரைக் கேட்டார். வைத்தியலிங்கம் தர்மகுலராசா என்றேன். திரையின் அகலம் காணுமோ என்று யோசிப்பவர்போல் கொஞ்சம் தயங்கினார். பிறகு கையைத் தந்தார்.

படத்தின் பிரதி ஒன்றை வீடியோ கசெற்றில் போட்டுத் தந்தார். ஸ்டூடியோவில் கிடந்த பழைய ரெக்கார்டர் ஒன்றை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதலாளிக்குத் தெரியும், தெரியாதமாதிரி இருந்தார்.

2. பூனையும் தேத்தண்ணியும்

அடுத்த கிழமைகளில் நான் பிளேஸ்டோவில் குடியிருந்தேன் என்று சொல்வது சரியில்லை. வேலையால் வந்து உடுப்பு மாற்றியதும் அந்தத் தீவுக்குப் போய்விடுவேன். சத்தமே இல்லாத தீவு. எங்கள் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தீவில் எந்த ஆடு யாருடையது என்று தெரியும்.

ஒரு இறங்குதுறை. அதற்கு மேலே கல்மதில்களுக்குப் பின்னால் பதுங்கிய வீடுகள். மழைத் தண்ணீர் பிடிக்கும் தொட்டிகள். கையகலத் தோட்டங்களில் பூண்டும் பார்லியும். ஒரு பள்ளிக்கூடம், அதில் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாங்குப் பலகையில் அடங்கிவிடுவார்கள். ஊர்த் தலைவர் விடிந்ததும் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் ஏதோ சொல்லுவார். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். எங்கள் சங்கக் கூட்டம் மாதிரித்தான்.

பனிக்காலத்தில் அங்கே ஒரு சிவப்புப் பூ பூக்கும். கமேலியா. மற்றப் பூக்கள்போல் இதழ் இதழாக உதிராது. முழுப் பூவாகத் தொப்பென்று விழும். மரத்தின் கீழே தலையறுந்த மாதிரிக் கிடக்கும். அந்த விழுகைக்கு ஒரு சத்தம் வேண்டும் என்று கிளைவ் பிடிவாதமாக நின்றார். பாண் துண்டைப் போட்டுப் பார்த்தேன், பாரமாக இருந்தது. ஈரத்துணி போட்டேன், துணிமாதிரியே கேட்டது. கடைசியில் என் மனைவி மனோன்மணி மேசையில் வைத்த இடியப்பத்தில் ஒன்றை எடுத்துத் தோள் உயரத்தில் இருந்து கம்பளத்தில் விட்டேன். அச்சாப் பூ.

"இஞ்சாருங்கோ, அது சாப்பாடு," என்றாள் மனோன்மணி.

"இது கமேலியா."

"அப்ப சொதியை எதுக்கு ஊத்த?"

கறுப்புப் பாறைகளில் கடற்பாசியை விரித்துக் காயவைக்கும் இடத்துக்கு, வெட்டி எறிந்த டேப்பைத் தண்ணீரில் நனைத்து இழுத்தேன். ஆட்டுக்கு ஆடு வேண்டும். பிளேஸ்டோவில் ஆடு இல்லை. அதை நானே கத்தினேன். படத்தில் வரும் ஆடுகள் எல்லாம் நான்தான், குட்டி உட்பட.

பெரிய தலையிடி பறவைகளால் வந்தது. தீவின் வடக்கே ஒரு செங்குத்துப் பாறை. கோடை தொடங்கும்போது கடற்காகங்கள் வந்து அதை வெள்ளையாக்கிவிடும். வாலில் கறுப்புப் பட்டி உள்ள சாதி. ஒவ்வொரு சோடிக்கும் ஒரு சாண் நிலம். அடுத்த கூட்டுக் குஞ்சு தெரியாமல் எல்லை தாண்டினால் தாய்ப்பறவை மண்டையில் கொத்தும். கொத்து வாங்கிய குஞ்சின் தாய் திரும்ப வந்து கொத்தும். எங்கள் ஊர் வேலிச் சண்டையை அப்படியே பாறையில் ஏற்றி வைத்த மாதிரி. நான் அந்தப் பகுதியைத் தேவைக்கு அதிகமாகவே பார்த்தேன்.

ஸ்டூடியோவில் ஆங்கிலேயக் கடற்காகச் சத்தம் இருந்தது. போட்டுக் காட்டினேன். கிளைவ் கையை விரித்தார்.

"உது சரிவராது தர்மா. அந்தப் பறவை பூனை மாதிரிக் கத்தும். அங்கத்தைச் சனம் அதைப் பூனைக் கடற்காகம் எண்டுதான் சொல்லுது. பிழையாப் போட்டால் பறவை பாக்கிற ஆக்கள் என்னைக் கிழிச்சுப் போடுவாங்கள்."

பூனை மாதிரிக் கத்தும் என்றால் பூனையைப் பிடிப்பதுதானே. கீழ்வீட்டுக் கிழவரிடம் ஒரு கொழுத்த பூனை இருந்தது. பொரித்த மீனை அதன் மூக்குக்கு நேரே பிடித்துக் கொடுக்காமல் வைத்திருந்தேன். அது என்னைத் திட்டிய திட்டை முழுவதும் டேப்பில் ஏற்றி, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டேன். ஒரு பூனை, ஒரு மலை நிறையப் பறவை. படம் வந்த பிறகு பறவை பார்ப்பவர் ஒருவர் கிளைவுக்கு டெலிபோன் எடுத்து, இவ்வளவு தெளிவாக இந்தப் பறவையின் கோபத்தை யாரும் பதிவு செய்ததில்லை என்று பாராட்டினாராம். கிளைவே எனக்குச் சொன்னார், தான்தான் அந்தப் பூனை என்ற மாதிரி.

பாறை இடுக்கில் கடல் புகுந்து பின்வாங்கும் சத்தத்துக்கு ராசநாயகம் அண்ணை உதவினார். இவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், மினிகாப் என்ற வாடகைக் கார் ஓடுபவர். வந்தால் தேத்தண்ணியைச் சோசரில் ஊற்றி உறிஞ்சித்தான் குடிப்பார். அதைப் பக்கத்து அறையில் இருந்தும் கேட்கலாம். அவர் மகனும் அப்படித்தான். மைக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"என்னடா தம்பி செய்யிறாய்?"

"கடல் பிடிக்கிறன் அண்ணை. நீங்கள் குடியுங்கோ."

"கடலோ? அப்ப இன்னொரு கோப்பை கொண்டா."

3. மனோன்மணியின் மூச்சு

அந்தத் தீவில் கடலுக்குள் மூழ்கிச் சம்பாதிப்பது பெண்கள். அதுவும் கிழவிகள். கறுப்பு ரப்பர் உடுப்பு, இடுப்பில் ஈயக் கட்டி, ஒரு மிதவை, அதில் தொங்கும் வலை. காற்றுக்குழாய் ஒன்றும் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகப் போவார்கள். சங்கும், சிப்பியும், கடல் அட்டையும் கொண்டு மேலே வருவார்கள். கரையோரம் ஆழம் குறைந்த இடத்தில் மற்றவர்கள் கை வைக்கமாட்டார்கள். அது மிகவும் வயது போனவர்களுக்கு விட்ட இடம். இதை யாரும் படத்தில் விளக்கவில்லை. பலமுறை பார்த்தபிறகுதான் எனக்குப் பிடிபட்டது. பிடிபட்டதும் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

மேலே வந்ததும் அவர்கள் விடும் முதல் மூச்சு சீழ்க்கைபோல் நீளமாக வருமாம். கிளைவ் செய்து காட்டினார். கேத்தல் கொதிப்பதுபோல் இருந்தது. ஒரு பொம்பிளைதான் செய்ய வேண்டும் என்றார்.

மனோன்மணியைக் கேட்டேன். அந்த நேரம் மனோன்மணியின் சின்னம்மா வீட்டில் நின்றா. அவவை எல்லோரும் செல்லம் மாமி என்போம். ஈஸ்ட் ஹாமில் இருந்து பஸ் ஏறி, எங்கள் வீட்டில் என்ன பிழை நடக்கிறது என்று பார்க்க வருவா.

"பொம்பிளைப் பிள்ளையை விசில் அடிக்கச் சொல்லுறீரோ தம்பி? நல்ல வடிவான வேலை."

"விசில் இல்லை மாமி. மூச்சு."

"அவள் கட்டிலிலை படுத்துக்கொண்டு விடுறதும் மூச்சுத்தான். அதைப் பிடியுமன்."

மனோன்மணி என்னைப் பார்த்துக் கேட்டாள்: "உங்கடை பேர் கட்டாயம் வருமோ?"

"கை தந்தவர்."

"வந்தால் கார்ட் கிடைக்குமோ?"

"கிடைக்கும்."

அவள் எழும்பிக் குளியலறைக்குப் போனாள். குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பினோம். எதிரொலி வராமல் சுவர் முழுக்கத் துவாயும் போர்வையும் தொங்கவிட்டேன். அவள் முகத்தைத் தண்ணீரில் அமுக்கி, மூச்சடக்கி, எழும்பி மூச்சு விட்டாள். முதலில் வந்தது எல்லாம் இருமல். பிறகு சிரிப்பு. நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் கோபம் வந்துவிட்டது. உண்மையாகவே ஏலாத அளவுக்கு உள்ளே இருந்துவிட்டு எழும்பினாள். முன்பல் இடைவெளியால் ஒரு மூச்சு மெல்லிசாக, நீளமாக வந்தது. நான் டேப்பை நிறுத்தினேன்.

"இனி ஒருக்காலும் கேக்கப்படாது," என்றாள் துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டு.

அந்தத் தீவில் இருக்கும் அத்தனை கிழவிகளும் மனோன்மணியின் அந்த ஒரு மூச்சைத்தான் விடுகிறார்கள்.

4. றூபாப்

படத்தின் நடுவில் கப்பல் வரும் இடம். கடல் அடங்கினால்தான் கப்பல். அடங்காவிட்டால் கிழமைக்கணக்கில் இல்லை. அது வந்தால் தீவே இறங்குதுறைக்கு வந்துவிடும். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், ஒரு பன்றிக்குட்டி, யாருக்கோ ஒரு புதுக் கதிரை. எல்லோரும் ஒரே நேரத்தில் வாய் அசைக்கிறார்கள். சத்தம் இல்லை.

கூட்டச் சத்தத்துக்கு இங்கிலீஷ்காரரிடம் ஒரு பழைய வழி இருக்கிறது. ஆட்களைக் கூட்டி வைத்து 'றூபாப், றூபாப்' என்று முணுமுணுக்கச் சொல்வார்கள். தூரத்தில் கேட்டால் சனம் கதைப்பதுபோல் இருக்கும், சொல் விளங்காது. நான் ஒரு சனிக்கிழமை சொந்தக்காரர்களை வீட்டுக்குக் கூப்பிட்டேன். முன் அறை நிறைந்துவிட்டது. ராசநாயகம் அண்ணை மட்டும் ஷிப்டில் இருந்ததால் வரவில்லை. இதை ஞாபகம் வைத்திருங்கள்.

"எல்லாரும் றூபாப் எண்டு மாத்திரம் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் கதைக்கப்படாது."

"அதென்ன தம்பி றூபாப்?" என்றா செல்லம் மாமி.

"ஒரு மரக்கறி மாமி. சிவப்புத் தண்டு."

"என்ன கறி வைக்கிறது?"

"கறி வைக்கிறேல்லை. சீனி போட்டுச் சாப்பிடுவினம்."

"மரக்கறிக்குச் சீனியோ! இவையளைத் திருத்த ஏலாது."

தொடங்கினோம். கொஞ்ச நேரம் எல்லோரும் ஒழுங்காக றூபாப் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லுவதுபோல் ஒரே தாளத்தில் வந்தது. நான் ஓடட்டும் என்று விட்டேன். பத்துத் தமிழரை ஒரு அறையில் இருத்தி, கதைக்க ஒன்றும் இல்லாததுபோல் நடிக்கச் சொன்னது என் மடத்தனம். இரண்டாவது டேப் போட்டபோது றூபாப் எங்கோ போய்விட்டது. மூலைக்கு மூலை கதை. செல்லம் மாமி மனோன்மணியின் காதுக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மைக்குக்கு நேரே இருந்து, அண்ணையின் மகனுக்குத் தன் மகளைப் பேசிக் குழம்பிய சம்பந்தத்தைப் பற்றிச் சொன்னா:

"சாதகம் பொருந்தேல்லை எண்டு ராசநாயகத்துக்குச் சும்மா சொன்னனான் பிள்ளை. சாதகமெல்லாம் அந்தமாதிரிப் பொருத்தம். அந்தப் பொடியன் தேத்தண்ணி உறிஞ்சிற சத்தம் இருக்கே! தகப்பனைப்போலை. என்ரை பெட்டை அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலை இருந்து சீவிக்க ஏலுமோ?"

நான் றூபாப் டேப்பைத்தான் படத்துக்குப் பொருத்தி எடுத்துக்கொண்டு போனேன். மற்ற டேப் பையில் கிடந்தது.

சத்தங்களை எல்லாம் ஒன்றாகக் கலக்கும் நாள். மிக்சர் எனப்படும் ஆள் பெரிய மேசையில் இருந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்குவார். கிளைவ் பின்னால் கதிரையில் இருந்தார். கப்பல் இடம் வந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"தர்மா, இது செத்த சனம் கதைக்கிற மாதிரிக் கிடக்கு. வேறை இல்லையோ?"

"இன்னொண்டு கிடக்கு. ஆனால் அது பாவிக்க ஏலாது."

"போடு பாப்பம்."

போட்டேன். கிளைவ் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"இதுதான்! உயிர் இருக்கு! அந்தக் கிழவியின்ரை குரலை ஏத்து. இன்னும் ஏத்து."

திரையில் தொப்பி போட்ட ஒரு கொரியக் கிழவி பன்றிக்குட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தா. செல்லம் மாமியின் பேச்சு அந்த வாயில் போய் அப்படியே இருந்தது. நானும் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

"கிளைவ், அது தமிழ். ஒவ்வொரு சொல்லும் விளங்கும்."

"ஆருக்கு விளங்கும்?"

"லண்டனிலை இருக்கிற எங்கடை சனத்துக்கு."

"உங்கடை சனம் கொரியத் தீவைப் பற்றின படம் எல்லாம் பாக்குமோ?"

"என்ரை பேர் வருதெண்டால் ஒரு வீடு மிச்சமில்லாமல் பாக்கும்," என்றேன் பெருமையாக.

கிளைவ் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். பிறகு மிக்சரிடம், "அடுத்தது," என்றார். அவர் எதை வெட்ட முடிவு செய்தார் என்று அந்த நேரத்தில் எனக்கு விளங்கவில்லை.

5. பேர் வராத பின்னேரம்

ஒளிபரப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். நான் சொல்லாத ஆள் இல்லை. தோர்ண்டன் ஹீத்தில் இருந்துகூட ரயில் ஏறி வந்தார்கள். மனோன்மணி கட்லட்டும் ரோல்ஸும் செய்து குவித்தாள். தரையிலும் படிக்கட்டிலும் ஆட்கள். ராசநாயகம் அண்ணைக்குப் பெரிய கதிரை. செல்லம் மாமி தொலைக்காட்சிக்குப் பக்கத்தில். மாமிக்கு அந்த இரண்டாவது டேப்பைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். படம் நல்ல சத்தமாகவா ஓடப்போகிறது, ஆட்கள் சாப்பாட்டுச் சத்தத்தில் கவனிக்கமாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

முதற் பாதி திருவிழா. பூ விழுந்தது. "அது இடியப்பம்!" என்று மனோன்மணி கத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள். பாறை இடுக்கில் கடல் உறிஞ்சியபோது ராசநாயகம் அண்ணை எழும்பிக் கும்பிட்டார். கிழவி ஒருத்தி கடலுக்குள் இருந்து எழும்பி மூச்சு விட்டபோது அறை அடங்கிவிட்டது. மனோன்மணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கப்பல் வந்தது. பன்றிக்குட்டி வந்தது. தொப்பி போட்ட கிழவி வாயைத் திறந்தா. மிக்சர் ஃபேடரை எவ்வளவு ஏற்றியிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"...அந்தப் பொடியன் தேத்தண்ணி உறிஞ்சிற சத்தம் இருக்கே! தகப்பனைப்போலை..."

எல்லாத் தலைகளும் பெரிய கதிரைப் பக்கம் திரும்பின. ராசநாயகம் அண்ணையின் கையில் சோசர் இருந்தது. வாய்க்கும் மடிக்கும் நடுவில் நின்றது.

"மாமி," என்றார் மெதுவாக. "அது உங்கடை குரல்."

"எனக்கென்ன தெரியும்? அது ஆரோ கொரியாக்காரி," என்றா செல்லம் மாமி.

"கொரியாக்காரிக்கு என்ரை மோனைத் தெரியுமோ?"

"உலகம் முழுக்கக் கேக்கிற சத்தம்தானே அது," என்று மாமியின் வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு பொத்தி என்ன பலன்.

அண்ணை சோசரை மேசையில் வைத்தார். மாமியோடு அவர் சண்டை பிடிக்கவில்லை. என்னிடம் திரும்பினார். "நீதான் என்னைக் கூப்பிட்டுக் குடிக்கச் சொல்லிப் பிடிச்சனி. இப்ப ரீவியிலை போட்டுப் பகிடி பண்ணுறாய். நல்லா இரடா தம்பி."

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. இப்ப பேர் வரும்," என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்கு அதுதான் முக்கியம்.

பெயர்கள் வந்தன. கமெரா, எடிட்டிங், மொழிபெயர்ப்பு, பயண ஒழுங்கு. சாண்ட்விச் கொடுத்த கடைக்கு நன்றி வந்தது. பிறகு தனியாக, நடுத்திரையில்: தீவில் ஒலிப்பதிவு, கிளைவ்.

பிறகு கறுப்பு.

"எங்கை தம்பி உம்மடை பேர்?" என்றா செல்லம் மாமி. "எங்கடை சண்டை மட்டும் வந்திருக்கு."

மனோன்மணி எழும்பித் தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை நான் கிளைவைப் பிடித்தேன். கடைசியில் நேரம் காணவில்லை, சில பெயர்கள் வெட்டுப்பட்டுவிட்டன என்றார். சாண்ட்விச் கடை வெட்டுப்படவில்லையே என்றேன். யூனியன் இல்லாதவன் பெயரைப் போட்டால் தனக்குச் சிக்கல் வரும், அடுத்த படத்தில் பார்ப்போம் என்றார். அடுத்த படத்தை அவர் வேறு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார்.

கார்ட் கிடைக்க எனக்குப் பல வருடம் பிடித்தது. அதுவரை பெட்டி தூக்கினேன், தேநீர் போட்டேன். ராசநாயகம் அண்ணை என்னோடு கதைப்பதை விட்டார். அவர் மகன் தேத்தண்ணியையே விட்டான். அவனுக்கும் மாமியின் மகளுக்கும் கலியாணம் நடந்தது. எனக்கு மட்டும் அழைப்பு வரவில்லை.

6. வால்தம்ஸ்டோ மண்டபம்

இவ்வளவும் பழைய கதை. ஒருவேளை எழுதாமலே விட்டிருப்பேன். போன மாதம் வால்தம்ஸ்டோவில் ஒரு சமூக மண்டபத்தில் கிளைவ் பேசுகிறார், அந்தப் படத்தைப் போடுகிறார் என்று பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்தது. போனேன். கடைசி வரிசையில் இருந்தேன்.

கிளைவ் நரைத்துவிட்டார். பேச்சு நரைக்கவில்லை. "இந்தப் படத்திலை நீங்கள் கேக்கிற ஒவ்வொரு சத்தத்தையும் அந்தக் காத்துக்குள்ளை நிண்டு நானே பிடிச்சன்," என்றார். சனம் கை தட்டியது. என் ஆட்டுக்கும் தட்டினார்கள்.

பிறகு கேள்வி நேரம். ஒரு இளம் பெண் எழும்பினாள். தான் கொரியப் பெண் என்றும், லண்டனில் கொரியர் நிறைய வாழும் நியூ மோல்டனில் இருப்பதாகவும் சொன்னாள். தன் தாயின் தாய் அந்தப் பக்கத்துத் தீவு ஒன்றில் கடலில் மூழ்கித் தொழில் செய்தவ என்றும் சொன்னாள்.

"அந்த மூச்சைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்திட்டுது. ஆனால் கப்பல் வாற இடத்திலை அவையள் கதைக்கிறது எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. அது ஏன்?"

கிளைவ் கண்ணை மூடித் திறந்தார். அந்த ஒரு கணம் இருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"அது மிகப் பழைய தீவுப் பேச்சு," என்றார். "இப்ப கிட்டத்தட்ட அழிஞ்சு போச்சு. உங்கடை வயதுக்காரருக்கு விளங்காது."

அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். தன் சொந்தச் சனத்தின் பேச்சைத் தான் தொலைத்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். செல்லம் மாமி சம்பந்தம் முறித்த கதையைக் கேட்டுவிட்டு!

நான் கையை உயர்த்தினேன். நேரம் முடிந்தது, தேநீர் இருக்கிறது என்றார்கள். கதிரைகளை விலக்கி நான் முன்னுக்குப் போவதற்குள் அவள் போய்விட்டாள். கிளைவ் நின்றார். என்னைக் கண்டதும் கண்கள் விரிந்தன.

"ஓ! தர்மா! பூனைக்காரன்!"

"அந்தப் பிள்ளைக்கு ஏன் பொய் சொன்னியள்?"

"விடு தர்மா. எவ்வளவு காலமாப் போச்சு. இதாலை ஆருக்கு என்ன நட்டம்?" என்று சொல்லிக்கொண்டே பிஸ்கட் எடுத்தார்.

நட்டம் இருக்கிறது. தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, பெயர் என்பது பெருமைக்கு மட்டும் உள்ள சாமான் இல்லை. எந்தச் சத்தத்தை யார் செய்தது என்று ஒரு இடத்தில் எழுதி வைத்திருந்தால் அந்தப் பெண் அன்று தலை குனிந்திருக்கமாட்டாள். என் பெயரை வெட்டியபோது கிளைவ் அதையும் சேர்த்துத்தான் வெட்டினார். வேலை தொடங்க முன்னம் பெயரை எழுத்தில் வாங்குங்கள். கை தருகிறவரின் கையைப் பார்த்து மயங்காதீர்கள்.

இனி கிளைவுக்கு. இந்தப் பத்திரிகையை உமக்கு அனுப்புகிறேன், வாசித்துச் சொல்ல ஆள் பிடியும். ஆங்கிலத்தில் ஒரு பிரதியும் மண்டபத்துக்காரருக்குக் கொடுத்திருக்கிறேன். நீர் திரும்ப அதே மேடைக்கு வர வேண்டும். நியூ மோல்டன் பெண்ணைக் கூப்பிட வேண்டும். எனக்குத் தனியாக மன்னிப்புச் சொல்ல வேண்டாம், டெலிபோனும் எடுக்க வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்க, அது என்ன மொழி என்று சொல்லும். யாருடைய குரல் என்று சொல்லும். அவளை அழவைத்த மூச்சு யாருடையது என்று சொல்லும். மனோன்மணி அன்று என்னோடு வந்து முன்வரிசையில் இருப்பாள். அவளுடைய பெயரைச் சரியாக உச்சரியும்.